கை வைத்தது ஜெபத்துக்கு அல்ல

எஸ்தர், நீ மாடியறையில் வயர்களைச் சுருட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நான் கீழே சமையலறை மேசையில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். படியேறி வந்து பேசிவிடலாம். வர மாட்டேன். என் அக்கா, உன் கிரேஸ் அத்தை, நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ஈப்போவில் இருக்கும் சொந்தக்காரர்களும், பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாத மருமகன்களும் பார்க்கும்படி உன்னைப் பற்றி எழுதினாள்: "எஸ்தர் ஆஸ்திரேலியா போறதுக்கு முன்னாடி, வர்ற ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால எழுந்து நின்னு மன்னிப்புக் கேக்கணும். அவ அப்பன் சொல்லித் தரமாட்டான், அதான் நான் சொல்றேன்." அதன்கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். ஊரறியச் சொன்னதற்கு வீட்டுக்குள் கிசுகிசுவென்று பதில் சொல்வது எனக்குப் பிடிக்காது. கடிதம் உனக்குத்தான், ஆனால் அதே குழுவில் போடப்போகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது என்பதால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்காதே.

பிள்ளைக்குப் புத்திமதி எழுதும் தகப்பன் என்றால் நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக ஓர் ஆள் நினைவுக்கு வருவார். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் உன்னைக் கையில் வாங்கியவன் நான். உன் அம்மாவுக்கும் எனக்கும் கல்யாணம் நடந்தபோது அவள் வயிற்றில் நீ இருந்தாய். இது நம் சொந்தத்தில் யாருக்கும் தெரியாத இரகசியம் இல்லை, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை, அதனால் நானே சொல்லிவிட்டேன். கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய் ஆலையில், அழுத்தமானியும் வெப்பமானியும் உண்மையைச் சொல்கின்றனவா என்று சரிபார்ப்பது என் வேலை. ஒரு மானி தவறாகக் காட்டினால் அதை யாரும் திட்டுவதில்லை. எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று அளந்து, எழுதி ஒட்டிவிட்டு அதோடு வேலை செய்வோம். "இந்தப் பொறுமைய மனுஷங்ககிட்டயும் கொஞ்சம் காட்டலாம்ல?" என்று உன் அம்மா கேட்பாள். காட்டலாம். மானிகள் எதிர்த்துப் பேசுவதில்லை, அதுதான் வித்தியாசம்.

உனக்கு மூன்று வயது ஆகும்வரை உன்னைப் பற்றி வீட்டில் ஒரே தகராறு. இடி இடித்தால் திரும்புவாய். நம் தாமான் குடியிருப்புக்குள் லோரி நுழைந்தால் வாசலுக்கு ஓடுவாய். நான் கூப்பிட்டால் சில சமயம் வருவாய். அத்தை கூப்பிட்டால் வரவே மாட்டாய். வாசல் மணி அடித்தால் அது யார் வீட்டு மணியோ என்பதுபோல் உட்கார்ந்திருப்பாய். "செவிடுன்னா லோரி மட்டும் எப்படிடா கேக்கும்? இதுக்குப் பேரு காதுக் கோளாறு இல்ல, திமிரு. அப்பன் புத்தி," என்றாள் அத்தை. கிளினிக்கில் கைதட்டிப் பார்த்தார்கள், திரும்பினாய், "ஓக்கே லா" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு பழைய சிந்தசைசர் இருந்தது. பெட்டாலிங் ஜெயா ஓட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு சீனர், வீட்டில் இடமில்லை என்று என்னிடம் தள்ளிவிட்டது. சபையில் வாசிக்கிற கீபோர்டுபோல முன்கூட்டியே பதிந்துவைத்த வயலினோ புல்லாங்குழலோ அதற்குள் கிடையாது. உள்ளே மின்சாரத்தை அதிரவைக்கும் ஆஸிலேட்டர்கள் மட்டும்தான் உண்டு. குமிழ்களைத் திருகித் திருகி ஒலியை நாமே செய்துகொள்ள வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நீ மேசைக்கடியில் உட்கார்ந்து, மேசைக் காலைக் கட்டிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தாய். நான் ஒரே சுரத்தைக் கீழிருந்து மெல்ல மெல்ல மேலே ஏற்றிக்கொண்டுபோனேன். திடீரென்று நீ வெளியே தலையை நீட்டி, "ஏம்பா நிறுத்திட்ட?" என்றாய். நான் நிறுத்தவில்லை. அறையே கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுப் பூனை ஓடிவிட்டது, நீ ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்கிறாய். குமிழைக் கீழே இறக்கினேன். சிரித்தாய். மறுபடி ஏற்றினேன். அதே இடத்தில் உன் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றி, குமிழைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் உன் காதுகளை முறையாகச் சோதித்து ஒரு வரைபடம் கொடுத்தார்கள். அதிலும் கோடு ஏறக்குறைய அந்த இடத்தில்தான் விழுந்திருந்தது. தாழ்ந்த ஒலிகள் உனக்கு எங்களைப்போலவே கேட்கும். ஓர் அளவுக்கு மேல் ஒன்றும் கேட்காது. பறவை, மணி, விசில், 'ச' என்ற எழுத்து, அத்தையின் குரல், எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தன. திமிர் ஒன்றும் இல்லை.

பிறவியிலேயே அப்படி என்று டாக்டர் சொன்னார். சொந்தக்காரர்களுக்கு அது போதவில்லை. பாதிப்பேர் என் மெஷின் சத்தம்தான் காரணம் என்றார்கள். மீதிப்பேர் கல்யாணத்துக்கு முன்னாலேயே நீ வந்துவிட்டதற்குத் தண்டனை என்றார்கள். என்னைத் தண்டிக்க நினைக்கும் கடவுள் என் காதையல்லவா எடுத்திருக்க வேண்டும்? விலாசம் தெரியாமல் அடுத்த ஆளுக்குத் தண்டனை அனுப்புகிற கடவுளை எனக்குத் தெரியாது. இதை அப்போதே ஒரு கல்யாணப் பந்தியில் சத்தமாகச் சொன்னேன். அதோடு அந்தப் பக்கத்து உறவு கொஞ்ச நாள் நம் வீட்டுக்கு வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

அத்தை அந்த இரண்டு கட்சியிலும் இல்லை, இதை நீ மறக்கக்கூடாது. உன்னைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னதற்காக அவள் உட்கார்ந்து அழுதாள். அடுத்த வெள்ளிக்கிழமையே உன் காதுகளுக்காக உபவாசம் தொடங்கினாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீர் மட்டும். அன்றிலிருந்து போன வெள்ளிக்கிழமைவரை அதை அவள் விட்டதில்லை. நானும் உன் அம்மாவும் ஷிஃப்ட் வேலை. பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு உன்னைக் கொமுட்டர் ரயிலில் கூட்டிக்கொண்டுபோனது அவள்தான். தன் வீடு இருக்கும் சாலாக் செலாத்தானிலிருந்து இங்கே வந்து, இங்கிருந்து அங்கே போய், திரும்பவும் உன்னை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். ரயிலில் உன் கையைத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "காத்து வருது பாரு, இதுதான் 'ச'. சொல்லு, சட்டி. சொல்லு, சனி. சொல்லு, சனியன்," என்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் மலாய்க்கார அக்காக்கள் சிரிப்பார்களாம். நீ முதலில் தெளிவாகச் சொன்ன 'ச' சனியன்தான். என்னைப் பார்த்துச் சொன்னாய்.

இசைக்கு நீ வந்தது யாரும் அழைத்து அல்ல. மேசைக்கடியிலிருந்து மேசைக்கு மேலே வந்தாய், அவ்வளவுதான். காதுக்கருவி மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாய், கடைக்குப் போவாய், என்னோடு சண்டை போடுவாய். சிந்தசைசர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாய். எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு அலைந்து வாங்கிக் கொடுத்தது, இதற்குத்தானா? "இதுல கேக்கறது பொய் சத்தம்பா," என்றாய். தொழில்நுட்பமாகப் பார்த்தால் நீ சொன்னது சரி. அந்தக் கருவி மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. பெரிய ஒலியை அமுக்கும், சின்ன ஒலியை உப்பவைக்கும், நீண்டு நிற்கிற சுரத்தைக் கண்டால் தான் போடுகிற ஊளைச் சத்தம் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். உன் தாழ்ந்த சுரங்களுக்கு அது தேவையே இல்லை. இதெல்லாம் தெரிந்தவன் நான். தெரிந்திருந்தும், "மாட்டிக்கிட்டே வாசி" என்று கத்தினேன். நீ கருவியைக் கழற்றி வைத்திருந்ததால் அது உனக்குப் பாதிதான் கேட்டது. நல்லவேளை.

பிறகு ஹை-ஹாட் சண்டை, டிரம்ஸில் ச்சிக்-ச்சிக் என்று உயரமாக ஒலிக்கும் அந்த ஜோடித் தட்டு. உனக்குப் பதினைந்து வயது. முதல்முறையாக முழுசாக ஒரு படைப்பைச் செய்து எனக்குப் போட்டுக் காட்டினாய். கீழே எல்லாம் கனமாக, அடர்த்தியாக நகர்ந்தது. மேலே ஒன்றுமே இல்லை. "மேல காலியா இருக்கே மா. ஒரு ஹை-ஹாட் போடு," என்றேன்.

"எனக்குக் கேக்காதத நான் ஏன் போடணும்?"

"கேக்கறவங்களுக்காகப் போடு."

"அவங்களுக்குத்தான் உலகத்துல மிச்சம் இருக்கற எல்லாரும் போடறாங்களே. நான் ஒருத்தி போடலைன்னா செத்தா போயிடுவாங்க?"

அந்தச் சண்டையில் ஜெயித்தது நீ. இதை இங்கே எழுதியே கொடுக்கிறேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நடந்ததை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள், ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்ஸர் மேசைக்குப் பின்னால் நின்று முழுவதையும் பார்த்தவன் நான். பிரிக்ஃபீல்ட்ஸ் சபையில் அறுப்பின் பண்டிகை. வயல் வைத்திருந்தவர்களின் பண்டிகை அது. நமக்கு வயல் இல்லை, நம் சபையில் யாருக்கும் இல்லை. சனிக்கிழமை பாசாரில் பூசணிக்காயும் வாழைத்தாரும் வாங்கி, மறுநாள் முதற்பலன் என்று பீடத்துக்கு முன்னால் வைத்து, ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் ஏலம் விட்டு, அதை நாமே திரும்ப வாங்கிக்கொண்டு போகிறோம். நான் குறை சொல்லவில்லை, அந்த ஏலம் எனக்குப் பிடிக்கும். சாமுவேல் அங்கிள் மைக்கோடு நின்று, "இந்தப் பூசணி யாருக்கு? வாங்க ராஜு அங்கிள், உங்க வயித்த விட சின்னதுதான், தூக்கிட்டுப் போங்க லா!" என்று கத்தும்போது சிரிக்காதவர் உண்டா? ஆனால் அன்றைக்கு அந்த மண்டபத்தில் தன் கையால் விளைவித்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது நீ ஒருத்திதான். மற்றதெல்லாம் கேமரன் மலையில் யாரோ விளைவித்தது. இதை நான் ஏலம் முடிந்த அன்றே சொல்லியிருப்பேன், உன் அம்மா என் காலை மிதித்துவிட்டாள்.

உன்னை வாசிக்கக் கூப்பிட்டது சாமுவேல் அங்கிள்தான். பண்டிகைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். "பிள்ளை வெளிநாடு போகுது, போறதுக்கு முன்னாடி நம்ம சபையில வாசிக்கட்டும் தம்பி," என்று ஆசையாகக் கேட்டார். நான் நேராகவே சொன்னேன், "அங்கிள், வாசிக்க மட்டும்தான். சாட்சி கீட்சின்னு மேடையில நிக்க வைக்கக்கூடாது." அவர் என் தோளைத் தட்டினார். "சேச்சே, வாசிச்சாப் போதும் லா." அவர் மனதறிந்து ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அதையும் எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும்.

நீ இரண்டு கருவிகளையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொடங்கினாய். முதல் சுரம் வந்ததும் முன்வரிசை ஆன்டிகளின் சிராப் சர்பத் கோப்பைகளில் வளையம் வளையமாக அலை எழுந்தது. பின்னால் ஒருவர், "என்னப்பா, ஜெனரேட்டர் ஓடுதா?" என்றார். அவர் மனைவி, "ச்சூ, சும்மா இருங்க. எனக்கு நெஞ்சுக்குள்ள கேக்குது," என்றார். சின்னப் பிள்ளைகள் மேடைப் பலகையில் காதை வைத்துப் படுத்துவிட்டார்கள், எழுப்பிவிடப் போன தாய்மார்கள் பலகையைத் தொட்டுவிட்டு அங்கேயே குனிந்து நின்றார்கள். சாமுவேல் அங்கிள் என் பக்கத்தில் வந்து, "தம்பி, மேல் சத்தம், அந்த ட்ரெபிள் கொஞ்சம் ஏத்து லா. போர்வைக்குள்ள வாசிக்கிற மாதிரி இருக்கு," என்றார்.

"அது அப்படித்தான் அங்கிள்."

"கொஞ்சமா, ரெண்டு கோடு?"

"கைய எடுங்க அங்கிள்."

அப்புறம்தான் சமையல் ஆட்கள் பிரியாணி அண்டாக்களைக் கொண்டுவர மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவுகளை மொத்தமாகத் திறந்தார்கள். காலையில் ஏர்கான் குளிரில் நாம் சுரம் சேர்த்து வைத்திருந்தோம். மத்தியான வெயில் உள்ளே வந்தது. அந்தப் பழைய சிந்தசைசர் பெட்டிக்கு வெப்பம் ஆகாது, சுரம் வழுக்கும். இரண்டு ஆஸிலேட்டர்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலக ஆரம்பித்தன. விலகினால் இரண்டும் உரசி, உம்-உம்-உம் என்று ஒரு துடிப்பு கிளம்பும். எனக்கு மிக்ஸருக்குப் பின்னாலேயே வியர்த்துவிட்டது. நீ பதறவில்லை. இடது உள்ளங்கையைப் பெட்டியின் மூடிமேல் வைத்தாய். கண்ணை மூடினாய். தலை குனிந்து, அந்தத் துடிப்பைக் கையாலேயே எண்ணிக்கொண்டு, வலது கையால் குமிழை நூலிழை நூலிழையாகத் திருப்பினாய். ட்யூன் செய்ய நீயே கண்டுபிடித்த வழி அது. வீட்டில் நூறுதரம் பார்த்திருக்கிறேன்.

மண்டபம் அதைப் பார்த்ததில்லை. "பாரு, பாரு, பிள்ளை கைய வெச்சு ஜெபிக்குது," என்று யாரோ சொன்னார்கள். எங்கிருந்தோ "ஸ்தோத்திரம்!" என்று ஒரு குரல். கைகள் உயர்ந்தன. நோயாளியின் தலையில் கைவைத்து ஜெபிப்பதைப் பார்த்தே வளர்ந்த சனம், ஒரு பெண் கண்ணை மூடி எதன்மேலாவது கைவைத்தால் வேறு என்ன நினைக்கும்? அதே நேரத்தில் துடிப்பு மெதுவாகி, மெதுவாகி, நின்றது. இரண்டு சுரமும் ஒன்றாயின. மண்டபம் முழுக்க அந்த ஒரே ஒலி நின்றது. எனக்கே ரோமம் சிலிர்த்தது, அவர்களை என்ன சொல்ல. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாமுவேல் அங்கிளின் கண்ணிலும் தண்ணீர். எனக்குக் கொடுத்த வாக்கு அவருக்கு அந்த நிமிடத்தில் மறந்துபோயிற்று.

நீ முடித்ததும் அவர் மைக்கோடு மேடையேறினார். "மகளே, ஆண்டவர் உன் காதைத் திறந்தாரே, அந்தச் சாட்சியச் சொல்லு மா." உன் கருவிகள் பையில் இருந்தன. மைக் அவர் வாயை மறைத்திருந்தது, உதட்டசைவைப் படிக்கவும் வழியில்லை. "என்ன அங்கிள்?" என்றாய். அவர் இன்னும் உருக்கமாகச் சொன்னார். "என்ன அங்கிள்?" என்றாய் மறுபடி. நீ உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாய் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். காது கேளாததால் கேட்காத ஒருத்தியிடம் காது திறந்த கதையைக் கேட்கிறோம் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே! நான் மிக்ஸரிலிருந்து அந்த மைக்கை மூடியிருக்கலாம். விரல் அங்கேதான் இருந்தது. மூடவில்லை. நீ என்ன சொல்வாய் என்று கேட்க ஆசையாக இருந்தது.

கருவிகளை எடுத்து மாட்டினாய். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றதால் ஒன்று கீச்சென்று ஊளையிட்டது. அவர் மூன்றாவது தடவை சொன்னார். நீ மைக்கை வாங்கினாய்.

"காது திறக்கல அங்கிள். இப்பவும் அப்படியேதான் இருக்கு. கைய வெச்சது ட்யூன் பண்றதுக்கு. இது சாட்சி இல்ல, இசை. எனக்கு இந்தக் காது போதும், மாத்தித் தாங்கன்னு நான் யாருகிட்டயும் கேக்கல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பிரியாணி ஆறுது," என்று சேர்த்தாய்.

பிரியாணியை யாரும் நினைக்கவில்லை. அத்தை எழுந்து வெளியே போய்விட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. யாரையும் நீ திட்டவில்லை. கடவுள் இல்லை என்று சொல்லவில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்று ஞாயிறு பள்ளியில் அவர்களேதான் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நீ சொல்லவில்லை. இதற்கு மன்னிப்பா? மேடையில் ஒரு பெரியவருக்குச் சங்கடமாகிவிட்டது, உண்மைதான். சங்கடத்துக்கும் குற்றத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் இதைத் தவறு என்பார்கள். "ஒரு சாரி சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று குழுவில் ஒரு மருமகன் கேட்டிருக்கிறார். குறையும் தம்பி. அவள் சாரி சொன்னால், அவள் காதில் கோளாறு இருப்பது தப்பு, அதை மறைக்காதது அதைவிடத் தப்பு என்று ஆகிவிடும். மேடைப் பலகையில் படுத்துக் கேட்ட பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மெல்போர்னில் இது முடிந்துவிடும் என்று நினைக்காதே. அங்கே படிக்கவும் போகிறாய், வாசிக்கவும் போகிறாய். அங்கேயும் மைக்கோடு ஒரு சாமுவேல் அங்கிள் வருவார். கடவுள் பெயரைச் சொல்ல மாட்டார், "இன்ஸ்பிரேஷன்" என்பார். போஸ்டரில் உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் உன் காதைப் போடுவார். போஸ்டரைக் கழற்றச் சொல். கழற்றவில்லை என்றால் வாசிக்காதே, பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிடு. சவுண்ட்மேன் கேட்காமல் ட்ரெபிளை ஏற்றுவான், முதலிலேயே சொல்லிவை. அங்கே குளிர், பெட்டி வேறு பக்கமாக வழுக்கும், வாசிப்பதற்கு வெகுநேரம் முன்பே ஓடவிட்டுச் சூடேற்று. அடாப்டர்களில் பெயர் எழுதி ஒட்டு. கொடுத்தால் திரும்பி வராது. கருவியை மாட்டச் சொல்லி நானே போனில் கத்தினாலும் உனக்கு வேண்டும்போது மாட்டு, வேண்டாதபோது கழற்று. அது உன் காது. எனக்கும் அதில் பங்கில்லை.

அத்தை விஷயம் வேறு. நேற்று சாயங்காலம் வேலை முடிந்து நேரே சாலாக் செலாத்தானுக்குப் போனேன். கதவைத் திறந்தவள், "வந்துட்டாரு வக்கீலு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, குழுவுல எழுதினத எடுத்துடு."

"ஏன் எடுக்கணும்? பொய்யா எழுதினேன்?"

"அவ மேடையில சொன்னது மட்டும் பொய்யா?"

அவள் ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "இத்தன வருஷமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பட்டினி கெடக்கறேன்டா. வேணாம்னா முன்னாடியே சொல்றதுதானே? மைக்குலயா சொல்லணும்?"

எனக்குச் சமாதானம் பேச வராது. வருவதைச் சொன்னேன். "நீ கேட்டது கெடைக்கல அக்கா. கெடைக்கல, அவ்வளவுதான். ஆனா மைக்குல 'சாட்சி'ன்னு சொன்னாளே, 'இசை'ன்னு சொன்னாளே, அந்தச் 'ச'வ அவளுக்குக் குடுத்தது யாரு? நானா? ரயில்ல கைய புடிச்சு உட்கார்ந்தது நீதானே?"

அவள் அந்த உறையை அடுக்கின்மேல் வைத்தாள். அப்புறம் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "ஆமா. 'ச' நல்லா வந்துச்சு."

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. இப்ப நான் என்ன பண்ண, சாப்பிடவா?"

"சாப்பிடு அக்கா."

"மாட்டேன். பழகிப் போச்சு. இனிமே உன் வாய்க்காக இருக்கப் போறேன். நம்ம வீட்டுல அதுதான்டா பெரிய வியாதி." சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவளுக்கும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள். "ஆனா ஞாயித்துக்கிழமை அவ எழுந்து நிக்கணும்," என்றாள்.

"நிக்க மாட்டா."

"பாப்போம்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். குழுவில் எழுதியதையும் எடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை அவள்தான் முதலில் படிப்பாள், மேலே சொன்னதில் ஒரு வார்த்தை மாறியிருந்தாலும் உடனே திருத்துவாள், பார்த்துக்கொண்டே இரு.

ஆகவே, நான் சொல்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வா. வராமல் இருந்தால் பயந்துவிட்டாய் என்பார்கள். கருவி மாட்டிக்கொள்வதும் கழற்றிவைப்பதும் உன் இஷ்டம், முடியை மட்டும் காதின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வராதே. அத்தை எங்கே உட்காருகிறாளோ அங்கே போய், அவளை ஒட்டி உட்கார். அவள் நகர்ந்தால் நீயும் நகர். ரயிலுக்கும் பட்டினிக்கும் நன்றி என்று அவள் காதில் சொல், சபைக்குக் கேட்க வேண்டியதில்லை. யாராவது உன் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னால் நிற்காதே. மைக்கை நீட்டினால் வாங்காதே. கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்திரு. அத்தை அழுவாள், கட்டாயம் அழுவாள். கைக்குட்டையைக் கொடு, தோளைக் கொடு, அழுது முடிக்கும்வரை உன் கையையும் கொடு. மன்னிப்பை மட்டும் கொடுக்காதே.